நல்லூருக்குப் போன சர்வர்

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் சரக்கைப் பார்த்துப் பிரிக்கிற வேலை ஆதிநாராயணனுக்கு. சூளையிலிருந்து இறங்கும் பியூஸ் கட்டைகளையும் இன்சுலேட்டர்களையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுப்பார். சின்ன மரக்கட்டையால் ஒரு தட்டு தட்டுவார். கணீரென்று சத்தம் வந்தால் இந்தப் பக்கம், மொண்ணையாக வந்தால் அந்தப் பக்கம். அந்தப் பக்கம் போனதை அவர் திரும்பிப் பார்த்ததே கிடையாது. முதலாளிகள் மாறினார்கள், சூளை விறகிலிருந்து கேஸுக்கு மாறியது, அவர் மட்டும் அதே முக்காலியில் உட்கார்ந்து தலைமுடி நரைத்தார். பட்டறைக்கு அது நல்ல குணம்தான். சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே வந்த பிறகும் அவரால் தட்டிப் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை என்பதுதான் சங்கடம்.

மனிதர்களில் பெரும்பாலோர் மொண்ணைச் சரக்கு என்பது அவருடைய முடிவு. பக்கத்து வீட்டுக் காசியம்மாள், சீரியலில் எவளோ அழுதால் தானும் சேர்ந்து அழுகிற பிறவி. தெருவுக்கு நெட் கொண்டுவந்த கேபிள்காரன், கம்பத்துக்குக் கம்பம் கொடி கட்டித் துணி காயப்போடத்தான் லாயக்கு. எதிர்வீட்டு ஆசிரியர் டி.வி.யைச் சுவரில் மாட்டிவிட்டு அதன் ஒயரைத் தோரணம் மாதிரி தொங்கவிட்டிருந்தார். அந்த ஒரு காரணத்துக்காகவே ஆதிநாராயணன் அந்த வீட்டு வாசற்படி மிதிப்பதில்லை. இதையெல்லாம் அவர் சத்தம் போட்டுச் சொல்பவரும் இல்லை. உதட்டின் ஒரு ஓரம் லேசாகச் சுழியும், அவ்வளவுதான். எதிரில் இருப்பவனுக்கு அது போதும்.

பிளஸ் டூ முடித்ததும் தபால் வழியில் ரேடியோ மெக்கானிக் படித்தவர். அந்தப் படிப்பு சோறு போடவில்லை, ஆனால் சாகவும் இல்லை. வீட்டில் ஒயர் என்று எது இருந்தாலும் அது அவர் ராஜ்யம்.

ஒருநாள் சாயங்காலம் வீட்டில் மூன்று இடத்திலும் நெட் ஒரே நேரத்தில் நின்றது. மாடி அறையில் மகள் காவியாவின் ஆபீஸ் மீட்டிங் பாதியில் உறைந்து நின்றது. சென்னைக் கம்பெனி வேலையை அவள் வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறை வாசலில் மனைவி வாசுகியின் சீரியலில் மாமியார்க்காரி ஓங்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டாள். கூடத்தில் ஆதிநாராயணன் போட்ட பழைய படத்தில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கேபிள்காரனுக்கு போன் போட்டால் லைன் நாளைக்கு வரும் என்றான்.

அன்றைக்கு அவர் முடிவெடுத்தார். தெருக்குழாயை நம்பி எவனாவது வீடு கட்டுவானா, வீட்டுக்குள் கிணறு வேண்டாமா என்று வாசுகியிடம் கேட்டார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு விளக்கினார். சர்வர் என்று ஒன்று இருக்கிறது. ராத்திரி பகல் தூங்காத ஒரு கம்ப்யூட்டர். படம், பாட்டு, போட்டோ எல்லாம் அதன் வயிற்றுக்குள் இருக்கும். வீட்டில் எந்த டி.வி.யில் கேட்டாலும், எந்த போனில் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும். வெளி நெட் செத்துக் கிடந்தாலும் கவலையில்லை. வாசுகி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அதில் சீரியல் வருமா என்றாள். அவர் உதட்டு ஓரம் சுழிந்தது. அவள் எழுந்து காசியம்மாள் வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து சீரியல் அங்கேதான்.

திட்டம் போடவே ஏறக்குறைய ஒரு வருஷம் ஆயிற்று. மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையைத் தேர்ந்தெடுத்தார். அங்கே இருந்த அரிசி மூட்டையும் வெங்காயக் கூடையும் சமையலறைக்குள் நகர்ந்து வாசுகியின் காலில் இடறின. விருத்தாசலத்துச் சித்திரை வெயிலில் பெட்டி வெந்துவிடாமல் இருக்கச் சுவரைத் துளைத்து விசிறி வைத்தார். பட்டறைப் பக்கமிருந்து வரும் மண் தூசிக்காகத் துளையில் வலை அடித்தார். கரன்ட் போனால் தாங்க ஒரு யூ.பி.எஸ். ஒரு ஹார்டு டிஸ்க் செத்தால் இன்னொன்று அதே சரக்கோடு தயாராக இருக்க, இரண்டு டிஸ்க். கடைவீதியில் டிஸ்க் வாங்கப் போனபோது கடைக்காரர் கண்காணிப்புக் காமிராப் பெட்டிக்குப் போடுகிற டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தார். ஆதிநாராயணன் அங்கேயே நின்று அவருக்குப் பாடம் நடத்தினார். வேறு வாடிக்கைக்காரர்கள் காத்திருந்து சலித்துப் போய்விட்டார்கள். சரக்கைக் கடைசியில் பாண்டிச்சேரியிலிருந்து வரவழைத்தார்.

சுவரைக் கொத்திப் பைப் பதித்தவர் எலக்ட்ரீசியன் தமிழ்செல்வன். கரன்ட் ஒயர் போகிற பைப்பிலேயே நெட் கேபிளையும் சேர்த்து இழுத்துவிட்டார். குடிக்கிற தண்ணியையும் சாக்கடையையும் ஒரே குழாயில் விடுவியா என்று ஆதிநாராயணன் கேட்டார். பூசிய சுவரை மறுபடி கொத்த வைத்தார். தமிழ்செல்வன் கொத்திக் கொடுத்தார். அதன் பிறகு அந்தத் தெருப் பக்கம் எந்த வேலைக்கும் அவர் வந்ததில்லை.

சும்மா சொல்லக்கூடாது, எல்லாம் முடிந்தபோது நன்றாகவே இருந்தது. ரிமோட்டை அழுத்தினால் படங்கள் அட்டைப் படத்தோடு வரிசையாக நிற்கும். அவர் கல்யாண போட்டோவிலிருந்து காவியாவின் பட்டமளிப்பு வரை வருஷவாரியாக இருக்கும். ஒயர் ஒன்று கூடக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதைத் தொட அவர் வீட்டில் யாருக்கும் தகுதி இருக்கவில்லை. ஆளுக்கொரு பாஸ்வேர்டு போட்டிருந்தார். வாசுகி தன்னுடையதை இரண்டு தடவை மறந்தாள். இரண்டாம் தடவை அவர் பார்த்த பார்வைக்குப் பிறகு மூன்றாம் தடவை அவள் கேட்கவே இல்லை. காவியா படம் பார்ப்பதென்றால் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு போனில் பார்த்தாள். ஆக, பார்வையாளர் அவர் ஒருவர்தான். அவரும் எந்தப் படத்தையும் கடைசி வரை பார்த்ததில்லை. படம் ஓடும்போதே அட்டைப் படம் மங்கலாக இருக்கிறதென்று வேறொன்று தேடப் போய்விடுவார்.

இந்த நேரத்தில்தான் காவியாவுக்கு நல்லூரிலிருந்து ஒரு வரன் வந்தது. நடராசன் என்ற விவசாயியின் மகன் வளவன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கார் உதிரிப்பாகக் கம்பெனியில் சூப்பர்வைசர், வாரக் கடைசியில் ஊருக்கு வந்துவிடுவான். அப்பா பக்கவாதத்தில் படுக்கையில் இருந்ததால் அம்மா வீரம்மாளும் சொந்தக்காரர் ஒருவரும் அவனோடு பெண் பார்க்க வந்தார்கள்.

வந்தவர்கள் உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் ஆதிநாராயணன் எழுந்தார். மாப்பிள்ளைப் பையனைக் கூப்பிட்டு மாடிப்படி அறைக் கதவைத் திறந்தார். எந்த டிஸ்க் எதற்கு, எந்தக் கேபிள் எங்கே போகிறது, விருந்தாளிக்குத் தனி லைன் ஏன் என்று தொடங்கி நிறுத்தவே இல்லை. பையன் கையில் கேசரித் தட்டோடு குனிந்து குனிந்து பார்த்தான். உள்ளே புடவை கட்டிக்கொண்டு காவியா காத்திருந்தாள். பஜ்ஜி ஆறிப்போயிற்று. வீரம்மாள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு வாசுகியைப் பார்த்தாள்.

கடைசியில் அவர் பையனிடம், உங்கள் வீட்டில் போட்டோவெல்லாம் எதில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். போனில் என்றான். போன் தொலைந்துபோனால் என்று கேட்டார். "போச்சுன்னா போச்சு மாமா" என்று சிரித்தான் வளவன்.

அந்தச் சிரிப்பிலேயே அவன் அந்தப் பக்கம் விழுந்துவிட்டான். பெண்ணைக் கூட்டி வந்து காட்டியதும், காப்பி கொடுத்ததும் ஒப்புக்கு நடந்தது. அவர்கள் போனதும் ஜாதகம் பொருந்தவில்லை என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பச் சொன்னார். பொருந்தியிருக்கிறதே என்றாள் வாசுகி. அவனுக்கு மூளை பொருந்தவில்லை என்றார். காவியாவை யாரும் கேட்கவில்லை. அவள் புடவையை மாற்றிக்கொண்டு மீட்டிங்குக்குப் போய்விட்டாள்.

ஆடி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போன் அடித்தது.

"சார், நல்லூர் வளவன் பேசறேன்."

மாமா போய் சார் ஆகியிருந்தது. அப்பா கட்டிலிலேயே கிடக்கிறார், வலது கையும் கண்ணும்தான் ஓரளவு உருப்படியாக இருக்கின்றன, பழைய சண்டைப் படம் பார்ப்பது ஒன்றுதான் அவருக்குப் பொழுது என்று சொன்னான். நல்லூரில் நெட் நிலையாக நிற்பதில்லை. படம் நின்றுவிட்டால் அப்பா கையால் கட்டிலை அடிக்கிறார், அம்மா ஒண்டியாகச் சமாளிக்க முடியாமல் அழுகிறாள். "அன்னைக்கு நீங்க காட்டினதுல பாதிதான் எனக்குப் புரிஞ்சிது. நெட் இல்லாமலே ஓடும்னு சொன்னீங்களே, அது நெஜமா சார்?"

அந்தப் பெட்டியைப் பற்றி இத்தனை காலத்தில் ஒருவர் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது. ஆதிநாராயணன் முதலில் அவனைத் திட்டினார். போனில் போட்டோ வைக்கிற முட்டாள்தனத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். அவன் கேட்டுக்கொண்டான். பிறகு அவர் சொன்னதைத் தப்பில்லாமல் திருப்பிச் சொன்னான். அடுத்த ஞாயிறும் கூப்பிட்டான். அதற்கடுத்த ஞாயிறு அவன் கூப்பிடக் கொஞ்சம் தாமதமானபோது ஆதிநாராயணன் போனை எடுத்து இரண்டு தடவை பார்த்தார்.

நல்லூருக்கு அவர் போட்ட திட்டம் சின்னது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி, ஒரு டிஸ்க், நகலுக்கு இன்னொன்று, கட்டிலுக்கு நேரே டி.வி. திட்டத்தைச் சொன்னபோது வளவன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். அப்பாவால் ரிமோட்டில் பொடிப் பட்டன்களை அழுத்த முடியாது, விரல் நழுவுகிறது, அதற்கு ஏதாவது வழி உண்டா. தன் வீட்டுக்குத் திட்டம் போட்ட அந்த ஒரு வருஷத்தில் யாருடைய விரலைப் பற்றியும் ஆதிநாராயணன் நினைத்துப் பார்த்ததில்லை. பெரிய பட்டன் நாலே நாலு இருக்கிற ரிமோட் ஒன்றைத் தேடி வாங்கினார். பாஸ்வேர்டை எடுத்துவிட்டார். அட்டைப் படங்களைப் பெரிதாக்கினார்.

அந்த வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது, நல்லூர்ப் பையனைப் பற்றி மறுபடி யோசிக்கலாம் என்று வாசுகியிடம் சொன்னார். அவள் ரசக் கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"குப்பையில போட்டத நீங்களே பொறுக்கறீங்களா? என்னை எதுக்குக் கேக்கறீங்க. போயி அவளைக் கேளுங்க."

மாடி ஏறினார். காவியா அறைக் கதவைத் தட்டிவிட்டு நின்றார். அவள் ஒரு காதில் இருந்ததை மட்டும் கழற்றினாள்.

"அந்த நல்லூர்ப் பையன் தேவலாம்மா. கேட்டுக்கற புத்தி இருக்குது" என்றார்.

"கேசரித் தட்டை வச்சிக்கிட்டு உங்க ஒயரப் பார்த்துக்கிட்டு நின்னாரே, அவரா?"

"மரியாதைக்கு நின்னான்."

"என்னைப் பார்க்க வந்தவரு என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நீங்க பேசப் பேசத் தலையாட்டிட்டுப் போயிட்டாரு. ஒருத்தரு பேசிக்கிட்டே இருக்கறதும் மத்தவங்க கேட்டுக்கிட்டே இருக்கறதும் இந்த வூட்ல பார்த்துப் பார்த்து அலுத்துப் போச்சுப்பா. அதையே கல்யாணம் வேற பண்ணிக்கணுமா?"

ஒரு தரம் பேசித்தான் பாரேன் என்றார். பேச என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் உதட்டைச் சுழித்தாள், காதில் மாட்டிக்கொண்டாள், திரும்பிக்கொண்டாள். அந்தச் சுழிப்பு யாருடையது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. எதிரே நின்று அதை வாங்கிக்கொண்டது இதுதான் முதல் தடவை. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

எந்த முகத்தோடு நல்லூருக்குப் போவீர்கள், பெட்டியைப் பார்சலில் போட்டுவிடுங்கள் என்றாள் வாசுகி. பார்சல்காரன் தூக்கிப் போட்டு உடைப்பான் என்றார். அது உண்மைதான். ஆனால் அதற்காக மட்டும் அவர் போகவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டார், சொன்ன பிறகு போகாமல் இருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு போனார்.

நல்லூர் வீட்டு வாசலில் நெட் கேபிளை முருங்கை மரத்தில் கட்டியிருந்தார்கள். பார்த்ததும் உச்சுக்கொட்டினார். உள்ளே காலடி வைத்ததும் பாயசத்து நெய்யும் ஏலக்காயும் மணத்தன. வீரம்மாள் நல்ல புடவை கட்டியிருந்தாள். பெண்ணைப் பெற்றவர் தானே பஸ் ஏறி வீடு தேடி வருகிறார் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அது ஆதிநாராயணனுக்கு அப்போதுதான் உறைத்தது.

வேலையில் இறங்கிவிட்டார். வளவன் ஒவ்வொரு சாமானாக எடுத்துக் கொடுத்தான், கேட்டதைக் கேட்டவுடன் கொடுத்தான். கட்டிலிலிருந்து நடராசன் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். டி.வி. எழுந்தது. ரிமோட்டை அவர் கையில் வைத்தார்கள். அவர் பட்டனை அழுத்த, குதிரையில் ஒருவன் பாய்ந்து வந்தான். ஆதிநாராயணன் போய் நெட் ஒயரைப் பிடுங்கினார். குதிரை நிற்கவில்லை. வீரம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். நடராசன் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு கோணிய வாயால் "வேற" என்றார். தானே அழுத்தி வேறு படத்துக்குப் போனார். வளவன் சிரித்தான். தானும் அப்படித்தான் என்றாலும், அரைகுறையாகப் பார்த்துவிட்டு மாற்றுகிற இன்னொருவரைக் கண்டால் ஆதிநாராயணனுக்கு ஆகாது, ஆனால் அன்றைக்குப் பிடுங்கிய ஒயரைத் திருப்பிச் சொருகப் போய்விட்டார்.

இலை போட்டார்கள். சாம்பார் ஊற்றிக்கொண்டே வீரம்மாள் கேட்டுவிட்டாள்.

"பொண்ணு இன்னா சொல்லுதுங்க?"

பிசைந்த கை நின்றது. "வேணாங்குதும்மா" என்றார்.

"ஜாதகம் சரியில்லன்னு அன்னைக்கே சொல்லி அனுப்பிட்டீங்களே. அதேவா?"

"ஜாதகம் பொருந்தித்தான் இருந்துது. அது நான் சொன்ன பொய்யி."

வளவன் இலையைப் பார்த்தபடி இருந்தான். அப்படியானால் என் பிள்ளையிடம் என்ன குறை என்று அவள் கேட்டாள். குரல் உயரவில்லை.

"புள்ளைகிட்ட ஒண்ணும் இல்ல. நான் வளத்த வளப்பும்மா அது" என்றார் ஆதிநாராயணன்.

வளவன் எழுந்து கை கழுவப் போனான். வீரம்மாள் சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பாயசம் இலைக்கு வரவில்லை. அவர் மிச்சச் சோற்றைத் தின்று முடித்து இலையை மடித்தார். சங்கடத்தோடு ஸ்க்ரூ டிரைவர்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் வந்து நின்றாள்.

"கூலி எவ்ளோன்னு சொல்லுங்க."

சாமானுக்கு வளவன் கொடுத்துவிட்டான், கூலியெல்லாம் வேண்டாம் என்றார்.

"சும்மா வேலை வாங்கற குடும்பம் இல்லீங்க இது. சுவத்துல ஓட்டை போடறவருக்கு இன்னா குடுப்பமோ அது உங்களுக்கும் உண்டு."

நீட்டிய நோட்டு அவர் முகத்துக்கு நேரே நின்றது. வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தமிழ்செல்வன் சுவரை இரண்டாம் தடவை கொத்தியபோது முகத்தை எப்படி வைத்திருந்தார் என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. அந்த முகத்தை அவர் அன்று பார்த்திருக்கவே இல்லை.

வளவன் பைக்கில் பஸ் நிறுத்தத்தில் கொண்டுவந்து விட்டான். பஸ் வருகிற வரை கூடவே நின்றான். தூரத்தில் பஸ் தெரிந்தபோது சொன்னான்:

"அன்னைக்கு அவங்களோட ரெண்டு வார்த்தை பேசணும்னுதான் சார் வந்தேன். நீங்க நிறுத்தவே இல்ல."

அவன் குரலில் கோபம் இல்லை. ஆதிநாராயணன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.

தை மாசத்தில் வளவனுக்கு வேப்பூர்ப் பக்கம் பெண் எடுத்தார்கள். பத்திரிகை வரவில்லை. காவியா ஆபீஸுக்கே போய் வேலை பார்ப்பதாகச் சென்னையில் ஹாஸ்டலில் சேர்ந்தாள். மாப்பிள்ளை பார்க்க வேண்டியதில்லை, வேண்டுமானால் நானே பார்த்துக்கொள்கிறேன், பிறகு உங்களுக்குச் சொல்கிறேன் என்றும் சொல்லிவிட்டாள். ஆதிநாராயணன் மாறிவிட்டார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எதிர்வீட்டுத் தோரண ஒயர் இன்னமும் அவர் கண்ணை உறுத்துகிறது. மாடிப்படி அறையைக் காலி செய்து கொடுங்கள், அரிசி மூட்டை வைக்க வேண்டும் என்று வாசுகி கேட்டபோது அதே பார்வைதான் பார்த்தார். ஆனால் தமிழ்செல்வனைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்த அன்று நின்றார், டீ சாப்பிடலாமா என்று கேட்டார். வேலை இருக்குது என்று சொல்லிவிட்டுத் தமிழ்செல்வன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நல்லூரிலிருந்து போன் வருவது மட்டும் நிற்கவில்லை. இப்போது கூப்பிடுவது வளவன் இல்லை, வீரம்மாள். சௌக்கியமா என்று கேட்பதில்லை, பேர் சொல்வதில்லை. எடுத்த எடுப்பில், "பெட்டியில பச்ச லைட்டு எரியல" என்பாள். அவர் பட்டறையில் இருந்தாலும் எழுந்து வெளியே வந்து, பின்பக்கம் கறுப்பு ஒயர் இருக்கும், அதைப் பிடுங்கிவிட்டுப் பத்து எண்ணி மறுபடி சொருகுங்கள் என்று நிதானமாகச் சொல்வார். அவள் எண்ணுவது கேட்கும். பிறகு நடராசனின் சண்டைப் படச் சத்தம் கேட்கும். வந்துவிட்டதா என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் அவள் போனை வைத்துவிடுவாள்.